மொக்கை கேமும் மோசடி கேமும்

அண்ணன் மகனின் பிறந்தநாளுக்கு, அவனுக்குப் பிடித்த ஒரு அனிமேஷன் படத்தின் கேம் டிஸ்க் வாங்கிக் கொடுத்தேன். அந்தப் படத்தை ஏழு முறை பார்த்தவன் அவன். திரையில் வசனம் வருவதற்கு முன்பே சொல்லிவிடுவான். டிஸ்க்கைப் போட்ட அரைமணி நேரத்தில் முகம் சுருங்கிவிட்டது. படத்தில் துள்ளித் திரிந்த பாத்திரங்கள் கேமில் மரப்பாச்சிகளாக நடந்தன. போதாக்குறைக்கு மூன்றாவது கட்டத்தில் திரை அப்படியே உறைந்து நின்றது. எத்தனை முறை புதிதாகத் தொடங்கினாலும் அதே இடத்தில் அதே கதி. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனோம்.

"கேம் மொக்கையா இருந்தா நான் என்ன சார் பண்றது? வித்தது வித்ததுதான்" என்றார் கடைக்காரர். அவர் தலைக்கு மேலே தொங்கிய பலகையும் அதையேதான் சொன்னது.

முதல் பாதியில் அவர் பக்கம் நியாயம் இருந்தது. இரண்டாம் பாதி சட்டப்படி செல்லாது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாததால்தான் பெரும்பாலானவர்கள் கத்திவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறார்கள்.

படத்தை வைத்து எடுக்கும் கேம்கள் ஏன் இப்படிச் சொதப்புகின்றன? 2012-இல் டிஸ்னியின் 'ரெக்-இட் ரால்ஃப்' வந்தது. வீடியோ கேமுக்குள் வாழும் பாத்திரங்களின் கதை. கேம் ஆக்குவதற்கென்றே பிறந்த படம் என்று தோன்றும். ஆக்டிவிஷன் நிறுவனம் நின்டென்டோவின் வீ, டிஎஸ், 3டிஎஸ் கருவிகளுக்காக அதைக் கேமாக வெளியிட்டது. விமர்சகர்கள் பிய்த்து எடுத்துவிட்டார்கள். கேம்களைப் பற்றிய படத்துக்கே உருப்படியான கேம் வாய்க்கவில்லை!

காரணம் பெரும்பாலும் காலண்டர். படம் வெளியாகும் தேதி கல்லில் செதுக்கியது. கேமும் அதே வாரம் கடைக்கு வந்தாக வேண்டும். அனிமேஷன் படத்தின் கதையோ கடைசிவரை மாறிக்கொண்டே இருக்கும். பாதி வெந்த திரைக்கதையை வைத்துக்கொண்டுதான் கேம் குழு வேலை செய்யும். படத்தின் உருவங்களை அப்படியே எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். முடியாது. படத்தின் ஒரே ஒரு சட்டகத்தை உருவாக்கக் கணினிகள் மணிக்கணக்கில் உழைக்கும். கேமில் வீட்டுக் கருவி ஒவ்வொரு நொடியும் 30 அல்லது 60 சட்டகங்களை வரைந்து தள்ள வேண்டும். எனவே எல்லாவற்றையும் எளிமையாக்கி முதலிலிருந்து செய்ய வேண்டும். அவசரத்தின் உச்சம் 1982-இல் அட்டாரி வெளியிட்ட 'ஈ.டி.' கேம். அந்தப் படம் அனிமேஷன் அல்லதான். ஆனால் கிறிஸ்துமஸ் விற்பனையைப் பிடிக்க ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா என்ற ஒரே புரோகிராமர் ஏறக்குறைய ஐந்தே வாரத்தில் அதை எழுதி முடித்தார். விற்காத கேம் கேட்ரிட்ஜ்களை 1983-இல் நியூ மெக்ஸிகோவின் அலமகோர்டோ குப்பைமேட்டில் புதைத்தார்கள். 2014-இல் தோண்டியும் எடுத்தார்கள்.

விதிவிலக்குகள் உண்டு. 1993-இல் சேகா கருவிக்கு வந்த 'அலாவுதீன்' கேமில் டிஸ்னி ஓவியர்களே கைவைத்தார்கள். 2010-இன் 'டாய் ஸ்டோரி 3' படக்கதையை மட்டும் நம்பாமல், குழந்தைகள் இஷ்டத்துக்கு விளையாட ஒரு பொம்மைப் பெட்டி உலகத்தையே தந்தது. இரண்டையும் இன்றும் பாராட்டுகிறார்கள்.

சலிப்பூட்டும் கேமை விற்பது குற்றமல்ல. மோசமான படத்துக்கு டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்க முடியாதது போலத்தான். சட்டம் பார்ப்பது வேறு: சொன்னது கைக்கு வந்ததா, வந்தது ஓடுகிறதா? பெட்டியில் 'இருவர் சேர்ந்து விளையாடலாம்' என்று அச்சிட்டுவிட்டு ஒருவர் மட்டுமே ஆட முடிந்தால் அது ரசனைப் பிரச்சினை அல்ல. டிரெய்லரில் காட்டிய காட்சித் தரம் கேமில் இல்லவே இல்லையென்றாலும் அப்படித்தான்.

இதற்கு நல்ல உதாரணம் 2013-இல் சேகா வெளியிட்ட 'ஏலியன்ஸ்: கலோனியல் மெரைன்ஸ்'. ஜேம்ஸ் கேமரூனின் 1986 படத்தை ஒட்டிய கேம். கண்காட்சிகளில் 'இதுதான் கேம்' என்று காட்டிய காட்சிகள் ஒளியும் நிழலுமாக மிரட்டின. காசு கொடுத்து வாங்கியவர்கள் பார்த்தது வேறொன்றை. பிரிட்டனில் விளம்பரத் தர அமைப்பிடம் புகார் போனது. இறுதிக் கேமின் காட்சிகள் அல்ல என்ற குறிப்பை டிரெய்லர்களில் சேர்க்க சேகா ஒத்துக்கொண்டது. அமெரிக்காவில் வழக்கு தொடுத்தார்கள், 12.5 லட்சம் டாலர் தர அந்நிறுவனம் சம்மதித்தது. 'கேம் மொக்கை' என்று யாரும் வழக்குப் போடவில்லை என்பதைக் கவனியுங்கள். 'காட்டியது ஒன்று, விற்றது ஒன்று' என்றுதான் போட்டார்கள்.

நம் ஊரில் கைகொடுப்பது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். 2020 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. டிஜிட்டல் பொருள்களை இணையத்தில் வாங்குவதையும் மின்வணிகம் என்றே இது வரையறுக்கிறது. ஆகவே டிஸ்க் இல்லாமல் டவுன்லோடு செய்தவர்களும் தாராளமாகப் புகார் செய்யலாம். பழுதுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள் திரும்பப் பெற மறுப்பது நேர்மையற்ற வணிகமுறை. பில்லில் காலக்கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாள் என்று சட்டமே சொல்கிறது. கடைக்காரரின் பலகைக்கு இங்கே மதிப்பில்லை. பில் தர மறுப்பதும் இதே கணக்கில்தான் வரும். தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்றால் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் போடலாம்.

ஆனால் சட்டத்துக்குப் போகும் முன் கடிகாரத்தைப் பாருங்கள். ஸ்டீம் தளத்தில் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் காரணம் எதுவானாலும் பணம் கேட்கலாம். மொக்கை என்பதும் காரணம்தான். பிளேஸ்டேஷன் கடையில் 14 நாள் உண்டு, ஆனால் டவுன்லோடைத் தொடங்கிவிட்டால் அந்தச் சலுகை போய்விடும். கூகுள் பிளேயில் முதல் 48 மணி நேரம் முக்கியம். இந்த விதிகள் அவ்வப்போது மாறும் என்பதால் வாங்கும் அன்றே ஒருமுறை படித்துவிடுங்கள். 'பிடிக்கவில்லை' என்பதற்கு நமக்கிருக்கும் வாசல் கடையின் இந்த விதி ஒன்றுதான். பையன் மூன்று நாள் விளையாடி முடித்த பிறகு கேட்டால் அதுவும் மூடியிருக்கும்.

மொபைலில் ஆபத்து வேறு மாதிரி. கேம் இலவசம்; பிடித்த பாத்திரத்தின் புதுச் சட்டைக்கு மட்டும் காசு. அப்பாவின் கார்டு போனிலேயே சேமித்துக் கிடக்கும். 2014-இல் அமெரிக்க வணிக ஆணையம், குழந்தைகள் பெற்றோருக்குத் தெரியாமல் ஆப்களில் வாங்கியவற்றுக்காகக் குறைந்தது 3.25 கோடி டாலரைத் திருப்பித் தர ஆப்பிளை ஒத்துக்கொள்ள வைத்தது. நம் ஒப்பந்தச் சட்டப்படி 18 வயதாகாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது. ஆனால் கணக்கும் கடவுச்சொல்லும் உங்களுடையதாக இருந்தால் நிறுவனம் அதைத்தான் முதலில் நீட்டும். எனவே ஒவ்வொரு வாங்கலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி இன்றைக்கே செட்டிங்கை மாற்றுவது வழக்கைவிட மலிவு. படம் வெளியாகும் வாரத்தில் அதே பெயரில் போலி ஆப்களும் முளைக்கும். அதில் பணம் போனால் உடனே இணையக் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

இன்னொன்று. டிஜிட்டலாக வாங்கும் கேம் பெரும்பாலும் உங்களுடையதல்ல, பயன்படுத்தும் உரிமம்தான். பாத்திரங்களின் உரிமையாளரோடு போட்ட உரிம ஒப்பந்தம் முடிந்தால் கேம் கடையிலிருந்தே காணாமல் போகும். 2017 கடைசியில் ஆக்டிவிஷனின் 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' கேம்கள் அப்படித்தான் போயின. கலிபோர்னியாவில் 2025 ஜனவரி முதல், உரிமத்தை மட்டும் விற்கும் கடை அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. படத்தை ஒட்டிய கேமுக்கு, கிடைக்குமானால், நான் டிஸ்க்கையே வாங்குவேன். பிள்ளைக்குப் பிடிக்காவிட்டால் விற்கவாவது முடியும். முன்பதிவு மட்டும் வேண்டாம். படத்தின் மேலுள்ள ஆசையை முதலீடாக்கி அவர்கள் நடத்தும் வியாபாரம் அது; விமர்சனம் வரும்வரை ஒரு வாரம் பொறுத்தால் பிள்ளை ஒன்றும் இளைத்துவிட மாட்டான்.

சிக்கல் என்றால் பில், பெட்டியின் பின்பக்கம், விளம்பரம், கேம் நின்றுபோகும் வீடியோ எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். டிரெய்லர் நாளைக்கே நீக்கப்படலாம், திரைப்பதிவு எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் கடைக்கோ தளத்துக்கோ எழுத்தில் புகார். இணையக் கடையின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்தில் புகாரை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2020 விதி. அசையவில்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம். பல புகார்கள் இந்த இடத்திலேயே முடிந்துவிடும், ஏனென்றால் நாலாயிரம் ரூபாய்க் கேமுக்காக இழுபடுவதை எந்த நிறுவனமும் விரும்பாது. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லை, வக்கீல் கட்டாயமில்லை, இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். மூன்று மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் இழுக்கும், அதற்கும் தயாராக இருங்கள்.

நாங்கள் அவ்வளவு தூரம் போகவில்லை. மறுநாள் கேம் உறையும் வீடியோவோடும் பில்லோடும் அதே கடைக்குப் போனோம். மொக்கை என்ற பேச்சையே எடுக்கவில்லை. பழுது என்று மட்டும் சொல்லி, 30 நாள் விதியைச் சொன்னேன். கடைக்காரர் பில்லையும் வீடியோவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, உள்ளேயிருந்து வேறு டிஸ்க் எடுத்து வந்தார். அன்று ராத்திரியே பையன் போன் பண்ணினான்.

"சித்தப்பா, இப்ப எங்கயும் நிக்காம ஓடுது. ஆனா கேம் இன்னும் மொக்கைதான்."