பாலும் முட்டையும் இல்லாத கஸ்டர்ட்

நோன்பு திறக்கும் நேரத்தில் வீட்டுக்கு வீடு தட்டுகள் போய்வருவது நம் தேனாம்பேட்டையில் பழைய வழக்கம். கஞ்சி, வடை, சமோசா, கூடவே ஒரு கிண்ணம் பழம் போட்ட கஸ்டர்ட். எங்கள் கட்டடத்தில் மேல்மாடியில் ஆறு வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். பாலும் முட்டையும் அவனுக்கு ஆகாது. மற்றப் பிள்ளைகள் கிண்ணத்தை வழித்துச் சாப்பிடும்போது ஒரு பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "எனக்கு வேணாம் நன்னி, ஒத்துக்காது" என்று அவனே சொல்லிவிடுவான். பெரியவர்கள் சொல்லிச் சொல்லிப் பழகிய பேச்சு. கேட்கும் நமக்குத்தான் மனசு கஷ்டப்படும்.

அவன் அம்மாவிடம் உட்கார்ந்து எது ஆகும், எது ஆகாது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, சில தடவை கெடுத்து, பிறகு சரியாக வந்த செய்முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். அவனுக்கென்று தனியாக ஒரு சின்னக் கிண்ணம் செய்வது என் நோக்கம் இல்லை. வீட்டில் எல்லாரும் சாப்பிடுகிற சட்டியே அவனும் சாப்பிடக்கூடியதாக இருக்க வேண்டும். அது அத்தனை கடினமும் இல்லை.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். பால் "ஒத்துக்கொள்ளாது" என்று நாம் சொல்வதில் இரண்டு வகை உண்டு. பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்க முடியாமல் வயிறு உப்பி, வயிற்றுப்போக்கு ஆவது ஒரு வகை. இது தொல்லைதான், ஆனால் உயிருக்கு ஆபத்து இல்லை. இன்னொரு வகை ஒவ்வாமை. பாலில் உள்ள புரதத்தை உடம்பு பகையாக நினைத்து எதிர்க்கிறது. தோல் தடிப்பது, உதடும் முகமும் வீங்குவது, வாந்தி, இருமல், மூச்சுத்திணறல் வரை போகலாம். முட்டை ஒவ்வாமையும் இப்படித்தான். மூச்சுத்திணறல் வந்தாலோ, பிள்ளை துவண்டு போனாலோ வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு "ஒரு வாய்தானே, என்ன ஆகிவிடும்?" என்பது செல்லாது. அந்த ஒரு வாயே போதும். நன்றாகக் கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்பதும் தவறு, பாலின் முக்கியப் புரதமான கேசின் கொதியில் அழிவதில்லை. ஆட்டுப்பால் கொடுக்கலாமே என்று சொல்லும் பெரியவர்கள் நம் வீடுகளில் நிறைய. மாட்டுப்பால் ஒவ்வாமை உள்ள பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு ஆட்டுப்பாலும் ஆகாது, இரண்டின் புரதமும் அவ்வளவு ஒத்திருக்கிறது. நெய்யிலும் பால் புரதம் கொஞ்சம் ஒட்டியிருக்கும் என்பதால் முந்திரி வறுக்கத் தேங்காய் எண்ணெய் போதும்.

இனி கஸ்டர்டுக்கு வருவோம். ஆங்கிலேயர்களின் பழைய கஸ்டர்ட் பாலையும் முட்டை மஞ்சள் கருவையும் சேர்த்துக் காய்ச்சுவது. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் ஆல்ஃபிரட் பேர்ட் என்ற மருந்துக் கடைக்காரர் இருந்தார். அவர் மனைவிக்கு முட்டை ஒவ்வாமை. மனைவியும் கஸ்டர்ட் சாப்பிட வேண்டும் என்று 1837-இல் முட்டைக்குப் பதில் சோளமாவை வைத்து அவர் செய்து பார்த்ததுதான் கஸ்டர்ட் பவுடர். நாம் கடையில் வாங்கும் பொட்டலம், ஒவ்வாமை உள்ள ஒருவருக்காக வீட்டில் பிறந்த சரக்கு. இன்றும் அதில் இருப்பது பெரும்பாலும் சோளமாவு, மஞ்சள் நிறம், வனிலா வாசனை, அவ்வளவுதான். "கஸ்டர்டில் முட்டை இருக்குமே" என்று பயந்து ஒதுக்குகிறவர்கள் உண்டு. சாதாரண கஸ்டர்ட் பவுடரில் முட்டை கிடையாது. ஆனால் பால் பவுடர் ஏற்கெனவே கலந்த ரெடி மிக்ஸ் வகைகளும் விற்கின்றன. அவற்றைப் பார்த்துத் தவிர்க்க வேண்டும்.

ஆக, முட்டைப் பிரச்சினையை அந்த மனிதர் அப்போதே தீர்த்துவிட்டார். மிச்சம் இருப்பது பால். அதற்கு நாம் வெளியே தேட வேண்டியதில்லை, நம் சமையலறையில் தேங்காய்ப்பால் இருக்கிறது.

ஐந்தாறு பேருக்கு நடுத்தரமான ஒரு தேங்காய் போதும். துருவி முக்கால் கப் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைத்துப் பிழிந்தால் ஏறக்குறைய ஒரு கப் கெட்டியான முதல் பால் கிடைக்கும். அதைத் தனியாக வையுங்கள். அதே சக்கையில் மறுபடி தண்ணீர் விட்டு அரைத்து இரண்டு கப் இரண்டாம் பால் எடுங்கள். கஸ்டர்ட் பவுடர் தட்டையாக நான்கு மேசைக்கரண்டி, சர்க்கரை ஆறு மேசைக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு. உப்பை விட்டுவிடாதீர்கள், தேங்காய்ப்பாலின் சப்பைத்தன்மையை எடுப்பது அதுதான்.

கஸ்டர்ட் பவுடரை அரைக் கப் ஆறிய இரண்டாம் பாலில் கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ளுங்கள். சூடான பாலில் நேரடியாகக் கொட்டினால் மாவு வெளியே வெந்து உள்ளே பச்சையாகக் கட்டிகட்டியாக நிற்கும். மீதி இரண்டாம் பாலைச் சர்க்கரையும் உப்பும் சேர்த்து அடுப்பில் வைத்து, சூடேறியதும் கரைத்த மாவை ஊற்றிக் கைவிடாமல் கிளறுங்கள். கெட்டியானதும் அடுப்பை அணைத்துவிடத் தோன்றும். அணைக்காதீர்கள். தீயைக் குறைத்து, குமிழி வந்த பிறகும் இரண்டு நிமிடம் கிளற வேண்டும். சோளமாவு முழுதாக வேகாவிட்டால் மாவு வாடை அடிக்கும், ஆறியதும் தண்ணீராக இளகியும் போகும். முதல் தடவை எனக்குக் கெட்டுப்போனது இங்கேதான்.

அடுப்பை அணைத்து ஐந்து நிமிடம் கழித்து முதல் பாலை ஊற்றிக் கலக்குங்கள். பாயசத்துக்குச் செய்வது போலத்தான், முதல் பால் கொதித்தால் திரிந்து எண்ணெய் மிதக்கும். பிறகு ஒரு தட்டு போட்டு மூடி ஆறவிடுங்கள், மேலே ஆடை படியாது. நன்றாக ஆறிய பின்பே வாழைப்பழம், ஆப்பிள், மாதுளை, திராட்சை, மாம்பழம் என்று கையில் இருப்பதைச் சேர்க்கலாம். ஆரஞ்சு, அன்னாசி போன்ற புளிப்புப் பழங்களைப் பரிமாறும்போது மேலே போடுவது நல்லது, முன்பே போட்டு ஊறவிட்டால் கஸ்டர்ட் தளர்ந்துவிடும்.

செயற்கை நிறம் வேண்டாம் என்பவர்கள் கஸ்டர்ட் பவுடருக்குப் பதில் அதே அளவு வெறும் சோளமாவு எடுத்து, வெந்நீரில் ஊறவைத்த நாலைந்து இழை குங்குமப்பூவும் ஏலக்காய்த்தூளும் சேர்க்கலாம். மஞ்சள்தூளும் போடலாம், ஆனால் ஊசிமுனை அளவுதான். அதற்கு மேல் போனால் குழம்பு வாசம் வந்துவிடும். வனிலா எசன்ஸ் தனியாக வாங்குகிறவர்கள் அதில் ஆல்கஹால் சேர்ந்திருக்கிறதா என்று பாட்டிலில் பார்த்து வாங்குங்கள். ஏலக்காய் போட்டால் அந்தக் கேள்வியே எழாது.

கிண்ணத்தில் ஊற்றிச் சாப்பிடாமல் துண்டு போட வேண்டும் என்றால் கடப்பாசி இருக்கிறது. மளிகைக் கடையில் சைனா கிராஸ் என்று கேட்டாலும் அதையே எடுத்துத் தருவார்கள். பெயரில் சீனா இருந்தாலும், கடப்பாசி எடுக்கும் பாசி நம் ராமநாதபுரம் கடலிலேயே விளைகிறது. மண்டபம், பாம்பன் பக்கம் பெண்கள் கடலில் மூழ்கிப் பாறையிலிருந்து பறிக்கிறார்கள். மரிக்கொழுந்து என்பது அந்தப் பாசிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர். ஜெலட்டின் விலங்கின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுப்பது, எந்த விலங்கு என்ற கவலை நமக்கு உண்டு. கடப்பாசியில் அந்தக் கவலை இல்லை. அதைவிட, ஜெலட்டின் நம் சென்னை வெயிலில் உருகிவிடும், கடப்பாசி ஃபிரிட்ஜ் இல்லாமலே இறுகி நிற்கும்.

கடப்பாசி வந்ததும் வட்டிலப்பம் நினைவுக்கு வராமல் போகாது. காயல்பட்டினம், கீழக்கரை வழி உறவு உள்ள வீடுகளுக்கும் இலங்கையில் சொந்தம் உள்ளவர்களுக்கும் பெருநாள் என்றால் அது வேண்டும். தேங்காய்ப்பாலில் செய்வதால் மாட்டுப்பால் பிரச்சினை அதில் முதலிலிருந்தே இல்லை. ஆனால் முட்டை நிறைய. அந்த முட்டையை எடுத்துவிட்டு அரை நாளில் நான் செய்வது இது. முட்டை போட்டதன் துளைத்துளையான பதம் வராது என்பதை முன்பே சொல்லிவிடுகிறேன். ருசி வரும்.

ஐந்து கிராம் கடப்பாசியை வெட்டி ஒரு கப் தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, இழை ஒன்றுகூடத் தெரியாமல் கரையும்வரை காய்ச்சுங்கள். இருநூறு கிராம் கருப்பட்டியை அரைக் கப் தண்ணீரில் கரைத்து வடிகட்டுங்கள், மண் இருக்கும். அதோடு ஒரு கப் இரண்டாம் பாலும், அதில் கரைத்த இரண்டு மேசைக்கரண்டி சோளமாவும் சேர்த்து, குமிழி வந்து இரண்டு நிமிடம் ஆகும்வரை கிளறுங்கள். சூடான கடப்பாசிக் கரைசலை இதில் ஊற்றிக் கலந்து இறக்கி, ஒரு கப் முதல் பால், ஏலக்காய், துளி ஜாதிக்காய்த்தூள் சேருங்கள். முதல் பால் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ச்சியோடு இருக்கக் கூடாது. இருந்தால் கடப்பாசி அங்கங்கே மணிமணியாக உறைந்துபோகும். தட்டில் ஊற்றி வைத்தால் ஒரு மணி நேரத்தில் வெட்டலாம். மேலே முந்திரி தூவுவதற்கு முன் வருகிறவர்களில் யாருக்காவது கொட்டைகள் ஆகாதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கடையில் வாங்கும்போது ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பொட்டலத்தில் உள்ள பச்சைப் புள்ளி சைவம் என்பதற்கு மட்டுமே அடையாளம். முட்டையோ ஜெலட்டினோ இருந்தால் பச்சைப் புள்ளி போட முடியாது, அந்த அளவில் அது உதவும். ஆனால் நம் நாட்டுச் சட்டப்படி பால் சைவம். பச்சைப் புள்ளியை நம்பிப் பால் இல்லை என்று முடிவு செய்யக் கூடாது. பால், முட்டை போன்ற ஒவ்வாமைப் பொருள்கள் இருந்தால் பொட்டலத்தில் தனியாக அறிவிக்க வேண்டும் என்பது விதி. பொருள் பட்டியலின் அருகே சின்ன எழுத்தில் "கன்டெய்ன்ஸ் மில்க்" என்று இருக்கிறதா பாருங்கள். மில்க் சாலிட்ஸ், வே, கேசின், கேசினேட் எல்லாமே பால்தான். தேங்காய்ப்பால் பவுடரில்கூடப் பல சமயம் சோடியம் கேசினேட் சேர்க்கிறார்கள். தேங்காய்தானே என்று வாங்கினால் பால் புரதம் உள்ளே வந்துவிடும். "நான் டெய்ரி" என்று எழுதிய கிரீமர்களிலும் இதே கதை. கஸ்டர்டுக்கு அடியில் பிஸ்கட் அடுக்குகிறவர்கள் அந்த பிஸ்கட் பொட்டலத்தையும் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலானவற்றில் பால் உண்டு. உதிரியாக விற்கும் பொருளில் எதுவும் எழுதியிருக்காது, அதைத் தவிர்ப்பதே நல்லது.

சமையலறையிலும் கவனம் வேண்டும். பால் காய்ச்சிய சட்டியை ஒரு கழுவு கழுவி அதிலேயே செய்வது, பக்கத்துப் பாயசத்தில் விட்ட கரண்டியை இதில் விடுவது, இவை இரண்டும் செய்த வேலையைப் பாழாக்கும். சோப்புப் போட்டுத் தேய்த்த சட்டியில், அன்றைய சமையலில் முதலாவதாக இதைச் செய்து மூடிவைத்துவிடுங்கள். தேங்காய்ப்பால் சீக்கிரம் கெடும் பொருள். அஸருக்குச் செய்தால் மஃரிபுக்குச் சாப்பிட்டுவிட்டு, மீதியை உடனே ஃபிரிட்ஜில் வைத்து மறுநாளைக்குள் தீர்த்துவிட வேண்டும்.

தாய்மார்களுக்கு இன்னொன்று. தேங்காய்ப்பால் பண்டத்துக்குப் பாலின் இடத்தில் நிற்கும், வளரும் பிள்ளையின் சாப்பாட்டில் நிற்காது. அதில் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் மிகக் குறைவு. பாலை நிறுத்திய பிள்ளைக்குக் கேழ்வரகு, கீரை, மீன், பருப்பு என்று எதைக் கூட்ட வேண்டும் என்பதைக் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனைக்கு நம் பகுதியிலிருந்து பஸ் வசதி இருக்கிறது. தடிப்பு ஒன்று வந்தது என்பதற்காக நாமாகவே பாலையும் முட்டையையும் நிறுத்திவிடுவதும் சரியல்ல. பல பிள்ளைகளுக்கு வளர வளர இந்த ஒவ்வாமை தானே போய்விடுகிறது. ஆனால் போய்விட்டதா என்று வீட்டில் ஒரு ஸ்பூன் கொடுத்துச் சோதிக்காதீர்கள், அது மருத்துவர் முன்னிலையில் செய்ய வேண்டிய சோதனை.

பக்கத்து வீட்டுக்கு அனுப்பும்போது கிண்ணத்தின் மூடியில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டிவிடுங்கள்: தேங்காய்ப்பால், சோளமாவு, சர்க்கரை, வாழைப்பழம், மாதுளை என்று போட்டதெல்லாம் வரிசையாக. எங்கள் மேல்மாடிப் பையன் இப்போது எழுத்துக்கூட்டிப் படிக்கிறான். சீட்டை முழுதாகப் படித்து, அம்மாவிடம் ஒரு தடவை காட்டி, அவள் தலையாட்டிய பிறகுதான் மூடியைத் திறக்கிறான்.