லாபமும் ரொக்கமும்

ஒரு ஸ்தாபனத்தின் ஆண்டறிக்கையைக் கையிலெடுப்போர் முதலில் தேடுவது லாபத் தொகையையே. அது இயல்பே, ஆயினும் அதனோடு நின்றுவிடுதல் போதாது. கடனுக்கு விற்ற சேலையின் கிரயம், விற்ற அன்றே வரவாக எழுதப்பட்டு லாபத்தில் சேர்ந்துவிடுகிறது. பணமோ பெட்டிக்கு வந்தபாடில்லை. நூலுக்கும் நெசவுக் கூலிக்கும் ரொக்கத்தைத்தான் கொடுக்க இயலும். ஏட்டிலுள்ள லாபத்தைக் கொடுக்க இயலாது. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள தூரத்தைக் காட்டுவதே ரொக்க ஓட்ட அறிக்கை.

அது மூன்று பகுதிகளை உடையது. அன்றாடத் தொழிலால் வந்ததும் சென்றதும் முதற் பகுதி. கட்டிடம், இயந்திரம் முதலியவற்றை வாங்கியதும் விற்றதும் இரண்டாவது. கடனாலும் பங்குத் தொகையாலும் வந்ததும், கடனடைப்பிலும் பங்காதாயத்திலும் சென்றதும் மூன்றாவது.

ஓராண்டுக் கணக்கைக் கொண்டு முடிவு கட்டலாகாது. பண்டிகைக்கென நெய்த துணி, கணக்கு முடியும் நாளில் கிடங்கில் இருந்தால் அவ்வாண்டு ரொக்கம் குறைந்தே தோன்றும். மறு ஆண்டில் அது நிரம்பிவிடும். ஆகவே, ஐந்தாறு ஆண்டுகளின் லாபத்தையும், தொழிலால் கிட்டிய ரொக்கத்தையும் அருகருகே எழுதி நோக்கவேண்டும். லாபம் நிலைத்திருக்க, ரொக்கம் மட்டும் ஆண்டுதோறும் வற்றி வருமாயின், கோளாறு உண்டென உணரலாம்.

இதற்குத் தக்க சான்று அமெரிக்காவின் டபிள்யூ. டி. கிராண்ட் கம்பெனி. 1906-இல் மாஸசூஸெட்ஸ் மாநிலத்து லின் நகரில் ஒரே கடையாகத் தோன்றிய அது, 1970-களின் தொடக்கத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கடைகளாகப் பெருகிற்று. 1973 ஜனவரியில் முடிந்த ஆண்டுக்கு 3½ கோடி டாலருக்கு மேல் லாபம் காட்டிற்று, பங்காதாயமும் வழங்கிற்று. அதே ஆண்டில் அதன் அன்றாடத் தொழில் பணம் ஈட்டித் தருவதற்குப் பதிலாகப் பணத்தை விழுங்கிக் கொண்டிருந்தது. புதுக் கடைகளில் சரக்கு குவிந்தது. வாடிக்கையாளர்க்குத் தாராளமாகத் தந்த தவணைக் கடன் பாக்கியாக நின்றது. பள்ளத்தைக் குறுகிய காலக் கடன்கள் நிரப்பின. 1974-இல் 143 வங்கிகள் சேர்ந்து 60 கோடி டாலர் கடன் வழங்கியும் பயனில்லை. 1975 அக்டோபரில் கம்பெனி திவால் மனுச் செய்தது. மறு ஆண்டில் கலைக்கப்பட்டது.

1980-இல் லார்கே, ஸ்டிக்னி என்னும் இரு அறிஞர்கள் அதன் பழைய கணக்குகளை ஆராய்ந்து, வீழ்ச்சிக்குப் பல ஆண்டுகள் முன்னரே தொழிலின் ரொக்கம் வறண்டிருந்ததை எடுத்துக் காட்டினர். அக்காலத்தில் ரொக்க ஓட்ட அறிக்கை வெளியிடும் கட்டாயம் அந்நாட்டில் இல்லை. 1987-இல்தான் அவ்விதி பிறந்தது. எனினும், ஐந்தொகைகளை ஒப்பிட்டவர்க்கு உண்மை புலப்பட்டிருக்கும்.

நம் சங்கத்தில் இவ்வறிக்கை தனியே இல்லையாயினும், வரவு செலவுப் பட்டியலை மேற்கூறிய மூன்று பகுதிகளாக நாமே பிரித்துக்கொள்ளலாம். பிறகு பொதுச்சபையில் நான்கு வினாக்களை எழுப்புவோம். விற்பனையைவிட வேகமாக வரவேண்டிய பாக்கி வளர்கிறதா? சரக்கிருப்பு ஏறுகிறதா? தறியும் கட்டிடமும் வாங்கிய பணம் தொழிலில் ஈட்டியதா, கடனா? பங்காதாயம் ஈட்டிய ரொக்கத்திலிருந்து வருகிறதா, கடன் வாங்கித் தரப்படுகிறதா?

இவ்வினாக்கள் நிர்வாகத்தின்மீது ஐயம் கொள்வதாகா. சங்கம் நொடித்தால் முதலில் நிற்பது நெசவாளியின் கூலியும் விவசாயியின் விளைபொருட் கிரயமுமே. பங்கு போட்டவர்க்குக் கணக்கைப் படிக்க உரிமையுண்டு; படிப்பது கடமையுமாகும்.