கல்லுக்குள் உயிர்!

உங்க தாத்தாவோட தாத்தா பேர் தெரியுமா? தெரியலைன்னா பரவாயில்லை. அவருக்கும் ரொம்ப ரொம்ப முன்னாடி பூமியில் குடியிருந்த ஒரு கூட்டத்தைப் பற்றித்தான் இப்போ பேச்சு. கண் கிடையாது, எலும்பு கிடையாது. ஆனா, கல்லிலேயே கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருக்காங்க. அதுக்குப் பேர் ஸ்ட்ரோமட்டோலைட்!

ஆழமில்லாத கடலோரத்தில் சயனோபாக்டீரியா போன்ற நுண்ணுயிர்கள் பாய் விரித்த மாதிரி படர்ந்து கிடக்கும். அலை கொண்டுவரும் மணல் அந்த வழவழப்பில் ஒட்டிக்கொள்ளும். வெளிச்சம் வேணுமே... உடனே மணலைத் தாண்டி மேலே ஏறி மறுபடியும் பாய் விரிக்கும். மறுபடி மணல், மறுபடி பாய். நம்ம பரோட்டா கணக்காக அடுக்கு அடுக்காகச் சேர்ந்து, கடைசியில் கல்!

மேற்கு ஆஸ்திரேலியாவின் ஷார்க் பே பகுதியில், ஹாமலின் பூல் என்ற இடத்தில் இது இன்னமும் வளர்ந்துக்கிட்டிருக்கு. அங்கே கடல்நீரில் உப்பு வழக்கத்தைவிட இரண்டு மடங்கு. பாயை மேய வரும் நத்தைகளுக்கு அது ஒத்துக்காது. அதனால்தான் பிழைத்துக் கிடக்கு. வளர்ச்சி? வருஷத்துக்கு அரை மில்லிமீட்டர் தேறினால் பெரிய விஷயம்.

அதே மாநிலத்தின் பில்பரா பகுதியில் கிடைப்பவைதான் சீனியர்கள். 1980-ல் டொனால்ட் லோ என்ற புவியியலாளர், அங்கே 340 கோடி வருஷப் பழைய ஸ்ட்ரோமட்டோலைட்டைப் பார்த்ததாக எழுதினார். அதே லோ 1994-ல், '320 கோடி வருஷத்துக்கு முந்தியதாகச் சொல்லப்படும் எதுவும் உயிரால் உருவானதல்ல' என்று எழுதினார். தன் கண்டுபிடிப்பையும் சேர்த்துத்தான்! உப்பு படிந்தாலும் பாறை மடிந்தாலும் இதே மாதிரி மேடு வரலாமே என்பது வாதம். மனுஷனுக்கு தில் அதிகம்.

2006-ல் வந்தார் அபிகெய்ல் ஆல்வுட். ஒரு கல்லை மட்டும் வெச்சுக்கிட்டு வாதாடாமல், பல கிலோமீட்டருக்கு அந்தப் பாறையை நடந்தே அலசினார். ஏழு விதமான வடிவங்கள்! ஒவ்வொன்றும் அன்றைய கடலோரச் சூழலுக்கு ஏற்ற மாதிரி அமைந்திருந்தது. வெறும் ரசாயனத்துக்கு ஏது இந்த அக்கறை? வழக்கு உயிர் பக்கம் சாய்ந்தது.

2016-ல் அடுத்த பரபரப்பு. கிரீன்லாந்தின் இசுவாவில் பனி உருகி வெளியே தெரிந்த பாறையில், 370 கோடி வருஷ ஸ்ட்ரோமட்டோலைட் என்று ஆலன் நட்மன் குழு அறிவித்தது. பூமிக்கே வயது சுமார் 454 கோடிதான். அது நிஜம்னா, உயிர் அவ்வளவு சீக்கிரம் கிளம்பிடுச்சுன்னு அர்த்தம். வேறு கிரகங்களில் தேடுகிறவர்களுக்கும் அது நல்ல சேதி.

அதை நேரில் போய்ப் பார்த்து மறுத்தது யார் தெரியுமா? அதே ஆல்வுட்! சில கூம்புகள் தலைகீழாக நிற்குது, உள்ளே அடுக்குகளும் இல்லை, பாறை அழுத்தத்தில் நசுங்கியதால் வந்த முகடுகள்தான் இவை என்று 2018-ல் அவர் குழு எழுதியது. நட்மன் தரப்பு ஒப்புக்கொள்ளவில்லை. பஞ்சாயத்து தொடருது.

2021 பிப்ரவரியில் செவ்வாயில் இறங்கிய பெர்சவரன்ஸ் வண்டியின் கையில், பாறைகளை எக்ஸ்ரே கொண்டு துருவும் பிக்ஸல் என்ற கருவி இருக்கு. அதை உருவாக்கிய குழுவின் தலைவர்? சாட்சாத் ஆல்வுட்தான்!