நம்ம செம்மண் சடக்கு எந்தக் கணக்கில் இருக்கிறது?



சில மாதங்களுக்கு முன் ஒரு செம்பனைத் தோட்டத்துக்குக் கூட்டம் பேசப் போயிருந்தேன். சம்பள ஒப்பந்தத்தைப் பற்றி விளக்கத்தான் போனேன். பேச ஆரம்பித்து ஐந்து நிமிடம் ஆகவில்லை, பின்வரிசையில் இருந்த ஒரு பாட்டி எழுந்து, "சம்பளம் கெடக்கட்டும் தம்பி, இந்தச் சடக்கப் பத்திப் பேசு மொதல்ல" என்றார்.

பெரிய ரோட்டிலிருந்து லயத்துக்கு 5 கிலோமீட்டர் செம்மண் சடக்கு. நடுவில் ஒரு பலகைப் பாலம். முதல் நாள் ராத்திரி இரண்டு மணிக்குப் பாட்டியின் மருமகளுக்குப் பிரசவ வலி கண்டிருக்கிறது. கூப்பிட்ட ஆம்புலன்ஸ் வந்தது. ஆனால் முச்சந்தியோடு நின்றுவிட்டது. மழையில் அந்தப் பாலத்தின் மேல் வண்டியை விட ஓட்டுநர் துணியவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தோட்டத்து லோரியில் மெத்தையைப் போட்டு அந்தப் பெண்ணைக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்கள். தாயும் பிள்ளையும் சுகம். ஆனால் இது நல்லவேளை என்று சொல்லி மறந்துவிடுகிற சங்கதியா?

"யார் யாரிடம் சொன்னீர்கள்?" என்று கேட்டேன். மானேஜரிடம் சொன்னார்களாம், அவர் மாவட்ட மன்றத்தைக் காட்டினார். மாவட்ட மன்றம், "அது தனியார் ரோடு, நாங்கள் கை வைக்க முடியாது" என்றது. சட்டமன்ற உறுப்பினரிடம் போய்ப் பஸ் கேட்டார்கள்; பஸ் விவகாரம் நாடாளுமன்ற உறுப்பினருடையது என்றார். நாடாளுமன்ற உறுப்பினரோ, ரோடு சரியாக இருந்தால்தானே பஸ் வரும் என்று பழையபடி மாநிலத்தைக் காட்டினார். செக்கு மாடு கதைதான்.

இதிலே வேடிக்கை என்னவென்றால், இவர்கள் யாரும் முழுப்பொய் சொல்லவில்லை. நம் நாட்டில் ரோடு மூன்று விதம். கூட்டரசு ரோடு கோலாலம்பூர் பொறுப்பு. மாநில ரோடு மாநில அரசின் பொறுப்பு. தோட்டத்துக்குள் ஓடுகிற ரோடு முதலாளியின் சொத்து. பஸ் லைசென்சு கொடுக்கும் அதிகாரம் கூட்டரசிடம். 2010-ம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த தரைப் போக்குவரத்து ஆணையம் அதைப் பார்த்து வந்தது. அந்த ஆணையம் கலைக்கப்பட்டு, 2019 முதல் போக்குவரத்து அமைச்சின் கீழ் உள்ள அபாட் என்ற இலாகா பார்க்கிறது. ஆகவே பஸ்ஸுக்கு ஒரு வாசல், சடக்குக்கு வேறு வாசல். நம்ம ஆளுங்க இரண்டையும் ஒரே மனுவில் எழுதி ஒரே ஆளிடம் கொடுத்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்கிறோம்.

இன்னொரு முடிச்சும் உண்டு. மாநில ரோடுகளைப் பராமரிக்கக் கூட்டரசு ஆண்டுதோறும் மாநிலங்களுக்கு மானியம் கொடுக்கிறது. அரசியலமைப்பின் 109-வது பிரிவில் இருக்கிற ஏற்பாடு அது. ரோட்டின் நீளத்தைக் கணக்கிட்டுத்தான் பணம். எந்த ரோடு கணக்கில் சேர்ந்தது என்பதற்கு மாரிஸ் என்று ஒரு பதிவேடு வைத்திருக்கிறார்கள். அதில் பேர் ஏறிய ரோட்டுக்குத்தான் அந்தக் காசு. தோட்டத்துச் சடக்கு முதலாளியின் நிலத்தில் கிடப்பதால் அது பதிவேட்டில் ஏறுவதில்லை. நூறு குடும்பம் நடந்தாலும் சரி, பள்ளிக்கூட வேன் ஓடினாலும் சரி, அரசாங்கக் கணக்கில் அங்கே ரோடே கிடையாது. முதலாளி அந்த நிலத்தை அரசுக்கு விட்டுக்கொடுத்து, அது மாநில ரோடாகிப் பதிவேட்டில் ஏறினால்தான் வழி பிறக்கும்.

முதலாளியை யார் கேட்பது? நில விவகாரம் மாநில அரசின் கையில் இருக்கிறது. அந்த அரசைக் கேள்வி கேட்கிற இடம் சட்டமன்றம். நாம் ஓட்டுப் போட்டு அனுப்பியவர் பந்தலுக்குத் தலைமை தாங்கவும் மாலை போட்டுக்கொள்ளவும் மட்டும் ஒய்.பி. ஆகவில்லை. ரோட்டுக்கும் வடிகாலுக்கும் எவ்வளவு, எங்கே செலவு என்று வருஷா வருஷம் பட்ஜெட்டில் கேட்பது அவர் வேலை. சட்டமன்றம் வருஷத்தில் சில தடவைதான் கூடும். இரண்டு கூட்டத்துக்கு நடுவே ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி விடக்கூடாது. கேள்விகளை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். மந்திரி புசாரோ ஆட்சிக்குழு உறுப்பினரோ பதில் சொன்னால் அது பதிவாகிவிடும். சாப்பாட்டுக் கடையில் கொடுக்கிற வாக்குறுதி மாதிரி காற்றில் போகாது. சிலாங்கூர் சட்டமன்றம் 2008-ல் செல்காட் என்று ஒரு தேர்வுக்குழுவை அமைத்து, அதிகாரிகளை வரவழைத்து விசாரித்ததையும் நாடு பார்த்தது.

ஆனால் ஒன்று. பெரிய திட்டங்கள் சட்டமன்றத்துக்கு வரும் முன்பே பாதி முடிவாகிவிடும். 1976-ம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஓர் அமைப்புத் திட்டம் உண்டு. எங்கே நெடுஞ்சாலை, எங்கே வீடமைப்பு, எந்தத் தோட்டம் பட்டணமாகும் என்கிற போக்கெல்லாம் அதில்தான். மந்திரி புசார் தலைமையிலான திட்டக்குழு அதைப் பார்க்கிறது. சட்டமன்றத்தில் ஓட்டுக்கு விட்டாக வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. என்னைக் கேட்டால் இது பெரிய ஓட்டை. நகல் திட்டத்தைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, குறைந்தது ஒரு மாதம் ஆட்சேபம் கேட்க வேண்டும் என்பது மட்டும் உண்டு.

அந்த ஒரு மாதத்தில் யார் போய்ப் பார்க்கிறார்கள்? பட்டணத்துக்காரர்கள் போகிறார்கள். பெட்டாலிங் ஜெயாவில் கிடெக்ஸ் நெடுஞ்சாலை வேண்டாம் என்று குடியிருப்பாளர்கள் எதிர்த்து நின்றார்கள். 2015-ல் அத்திட்டம் கைவிடப்பட்டது. பி.ஜே.டி. லிங்க் என்று இன்னொன்று வந்தது. அதையும் எதிர்த்தார்கள், 2023-ல் சிலாங்கூர் அரசு அதை ரத்துச் செய்தது. அவர்களுக்கு வீட்டுப் பத்திரம் இருக்கிறது, வக்கீல் இருக்கிறார். லயத்துக்காரனுக்கு நிலத்தில் பேரே இல்லை. நிலம் எடுக்கப்பட்டால் நஷ்ட ஈடு முதலாளிக்குப் போகும். நமக்கு நோட்டீசு வரும். நான் பிறந்து வளர்ந்த தோட்டத்தில் அப்படித்தான் நடந்தது. அளவுக்கல் நட்ட பிறகுதான் எங்கள் அப்பாவுக்கே விஷயம் தெரியும். நகல் திட்டம் முன்பே மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டதாம். எங்களில் ஒருத்தரும் போய்ப் பார்க்கவில்லை. போய்ப் பார்க்கலாம் என்று சொல்லவும் ஆளில்லை.

அந்தப் பாட்டியின் தோட்டத்தில் இப்போது இரண்டு மனு எழுதியிருக்கிறோம். பஸ் மனு நாடாளுமன்ற உறுப்பினருக்கு. சடக்கு மனு சட்டமன்ற உறுப்பினருக்கு. இரண்டாவதில் மூன்றே கேள்விதான்: இந்தச் சடக்கு மாநிலப் பதிவேட்டில் உண்டா? இல்லையென்றால் நிலத்தை விட்டுக்கொடுக்கும்படி நிறுவனத்திடம் மாநில அரசு கேட்டிருக்கிறதா? பாலத்தை யார், எப்போது கட்டுவது? நீளத்தை மோட்டார் சைக்கிளில் அளந்து, எத்தனை குடும்பம், எத்தனை பள்ளிப் பிள்ளைகள் என்று கணக்கெடுத்துக் கூடவே இணைத்தோம். பழைய கிராணி ஒருவர் அழகாக மலாயில் எழுதிக் கொடுத்தார். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் கைரேகை வைத்தார்கள்.

ஒய்.பி. மனுவை வாங்கிக்கொண்டு, அடுத்த கூட்டத்தில் எழுத்துமூலம் கேட்பதாகச் சொல்லியிருக்கிறார். கூட்டம் எப்போது தொடங்குகிறது என்று பாட்டி வாரா வாரம் எனக்குப் போன் போட்டுக் கேட்கிறார். அன்றைக்கு ஒரு வேன் பிடித்து, சபையின் பார்வையாளர் மாடத்தில் போய் உட்காருவது என்று தோட்டத்தில் முடிவு செய்திருக்கிறார்கள். வேன் முச்சந்தியில் நிற்கும், அதுவரைக்கும் நடைதான்.