அருவி அங்கே, ஆலயம் எங்கே?

பங்கு இளைஞரோடு அமர்ந்து 'த மிஷன்' என்னும் ஆங்கிலத் திரைப்படத்தைப் பார்த்து முடித்த ஓர் இரவில், மாணவன் ஒருவன் என்னிடம் வந்து, "சுவாமி, எரிந்துபோன அந்தக் கோவில் இன்று எங்கே இருக்கிறது? போய்ப் பார்க்க இயலுமா?" என்று வினவினான். வினா எளிது, விடை அத்துணை எளிதன்று.

ரோலண்ட் ஜோஃபே இயக்கிய இப்படம் 1986ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில் தலைசிறந்த விருதைப் பெற்றது. 1750ஆம் ஆண்டு மத்ரித் உடன்படிக்கையால், உருகுவாய் ஆற்றின் கிழக்கே இருந்த ஏழு மறைப்பணி ஊர்களை ஸ்பெயின் அரசு போர்ச்சுகலுக்கு விட்டுக்கொடுத்தது. இயேசு சபைக் குருக்களோடு அங்கு வாழ்ந்த குவரானி மக்கள் வெளியேற மறுத்துப் போரிட்டுத் தோற்றனர். இவ்வரலாறே கதைக்கு வித்து.

பழங்காலத்தைப் படமாக்குவோர்க்கு முதற்கவலை இடமே. மின்கம்பியும் தார்ச்சாலையும் கண்ணிற் படலாகாது அன்றோ! அருவிக்குக் குறைவில்லை, அர்ஜென்டினா, பிரேசில் எல்லையில் இகுவாசு இன்றும் வீழ்கிறது. அசுன்சியோன் நகர்க்காட்சிகளுக்கோ, வெகு தொலைவில் கொலம்பியக் கடற்கரையிலுள்ள கார்த்தகேனாவை நாடினர். ஸ்பானியர் காலத்து மதில்களும் வீதிகளும் அங்கே குலையாது நிற்கின்றன. கோவிலும் ஊரும் அந்நாட்டின் சாந்தா மார்த்தா பகுதியில் புதிதாக எழுப்பப்பட்டவை. குவரானியராகத் தோன்றியவர்களும் கொலம்பியாவின் வவுனானா பழங்குடியினரே.

இதனை வஞ்சகம் என்பதற்கில்லை. கதையில் எரிய வேண்டிய கோவிலுக்காக, காலம் விட்டுவைத்த கற்களுக்குத் தீ வைக்கலாகுமா?

அக்கற்கள் இன்றும் உள்ளன. பிரேசிலில் உள்ள சான் மிகேல், மேற்சொன்ன ஏழு ஊர்களுள் ஒன்று. அதன் கோவில் கூரையிழந்து, செந்நிற முகப்போடு நிற்கிறது. 1983இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. மறு ஆண்டில் அச்சிறப்பைப் பெற்றது அர்ஜென்டினாவின் சான் இக்னாசியோ மினி. இவ்வூரார் முதலில் வடக்கே குவாயிரா நாட்டில் வாழ்ந்தவர்கள். அடிமை வேட்டையாடிய கூட்டத்தாருக்கு அஞ்சி, 1631இல் அந்நாட்டார் ஏறத்தாழ 12,000 பேர், அருட்திரு ருயிஸ் தெ மொந்தோயா தலைமையில், 700 தெப்பங்களில் பரானா ஆற்றின் வழியே புறப்பட்டனர். வழிமறித்த குவாயிரா அருவியருகே தெப்பங்களைக் கைவிட்டுக் காட்டு வழியே நடந்தனர். அவ்வருவியை இன்று எவரும் படம்பிடிக்க இயலாது. 1982இல் இத்தாய்ப்பு அணையின் நீர்த்தேக்கத்தில் அது மூழ்கிவிட்டது.

அம்மாணவனிடம் இவற்றையெல்லாம் கூறினேன். சற்று வாடியவனாய், "அப்படியானால், அம்மக்களும் மறைந்துவிட்டார்களா, சுவாமி?" என்றான்.

இல்லை. அவர்கள் வழித்தோன்றல்கள் அந்நாடுகளில் வாழ்கின்றனர். அவர்தம் மொழி 1992ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தால் பராகுவாயில் ஸ்பானிய மொழிக்கு நிகரான ஆட்சிமொழியாயிற்று. திரையில் நாம் காணாத அம்முகங்களைக் காண விரும்புவோர், கொலம்பியாவுக்கன்று, அங்கேதான் செல்லல் வேண்டும்.