ஏழு இரவுக் கணக்கு

வெளிநாட்டு நகரத்தில் சமையலறையோடு வீடெடுத்துத் தங்க விரும்பும் குடும்பங்கள் வாடகையைப் பார்ப்பதற்கு முன் அந்த ஊர்ச் சட்டத்தைப் பார்ப்பது நல்லது

எருத்தேன்பதிக்காரர்களுக்குத் தங்கள் மாநிலத் தலைநகரைவிட சிங்கப்பூர் கிட்டத்தில் இருக்கிறது. பாலக்காட்டில் ரயிலேறினால் திருவனந்தபுரம் போய்ச் சேர ஆறேழு மணி நேரம். வேலந்தாவளத்தில் எல்லையைக் கடந்து, கோவை நகரின் நெரிசலில் நீந்தி, பீளமேடு விமான நிலையத்தை அடைந்துவிட்டால், நேரடி விமானத்தில் சுமார் நாலரை மணி நேரத்தில் சாங்கி. பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, ஒழலப்பதி என்று நீளும் தமிழ் ஊர்களுக்கெல்லாம் இதே பூகோளம்தான். பாஸ்போர்ட்டில் முகவரி கேரளம், வீட்டில் பேச்சு தமிழ், விமானம் ஏறுவது கோவை.

இப்படி ஓர் ஊரிலிருந்து தாத்தா, பாட்டி, மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள் என்று ஆறு பேர் கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். ஹோட்டல் என்றால் இரண்டு அறை. அவை பக்கத்துப் பக்கத்தில் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. தாத்தாவுக்குச் சர்க்கரை, மாத்திரைக்கு முன்னால் வேளை தவறாமல் சாப்பிட வேண்டும். பாட்டிக்கோ இரண்டு நாளைக்கு மேல் வெளிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. குழந்தைகளின் துணி தினமும் சேர்கிறது. ஹோட்டல் சலவைக் கட்டணமோ உடுப்பின் விலையை எட்டிப் பிடிக்கப் பார்க்கிறது. அப்போதுதான் யாராவது சொல்வார்கள்: சர்வீஸ் அபார்ட்மெண்ட் எடுத்தால் என்ன?

யோசனை நல்லதுதான். இரண்டு படுக்கையறை, கூடம், அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம் எல்லாம் ஒரே கதவுக்குள். ஹோட்டலைப் போல வரவேற்பு மேசையும் உண்டு, வாரத்துக்குச் சில முறை வந்து பெருக்கித் துடைக்க ஆளும் உண்டு. ஆசியாவில் இந்தத் தொழிலுக்குப் பிள்ளையார் சுழி போட்ட இடங்களில் சிங்கப்பூர் முக்கியமானது. அங்கே 1984-ல் தொடங்கிய ஆஸ்காட் நிறுவனம் இன்று சோமர்செட், சிட்டாடின்ஸ் என்று பல பெயர்களில் உலகமெங்கும் கிளை பரப்பியிருக்கிறது. சென்னையிலேயே சோமர்செட் கிரீன்வேஸ், பழைய மகாபலிபுரம் சாலையில் சிட்டாடின்ஸ் என்று இரண்டு இருக்கின்றன. பார்த்தால்தான் நம்புவேன் என்பவர்கள் அங்கே எட்டிப் பார்க்கலாம்.

சிக்கல், குடும்பம் ஐந்து நாள் மட்டுமே சிங்கப்பூரில் தங்கப்போகிறது என்பதில் இருக்கிறது.

சிங்கப்பூரின் நகர்ப்புற மறுசீரமைப்பு ஆணையம் ஒவ்வொரு கட்டடமும் எதற்குப் பயன்பட வேண்டும் என்பதைக் கறாராக வரையறுத்து வைத்திருக்கிறது. சர்வீஸ் அபார்ட்மெண்ட் என்று அனுமதி பெற்ற கட்டடத்தில் குறைந்தது ஏழு நாள் தங்க வேண்டும். தனியார் அடுக்குமாடி வீடு என்றால் குறைந்தது மூன்று மாதம். 2017 வரை அது ஆறு மாதமாக இருந்தது. சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகையில் விட அனுமதிக்கலாமா என்று பல சுற்று ஆலோசனை நடத்திய பிறகு, வேண்டாம், இருக்கும் விதியே இருக்கட்டும் என்று 2019-ல் ஆணையம் முடிவு செய்தது. நாட்டு மக்களில் பெரும்பாலோர் குடியிருக்கும் வீட்டுவசதிக் கழக ஃப்ளாட்டுகளில் விதி இன்னும் கடுமை. அங்கே வாடகைக்கு விட்டால் குறைந்தது ஆறு மாதம். சுற்றுலாப் பயணிக்கு விடவே கூடாது.

விதி ஏட்டோடு நிற்கவில்லை. தனியார் வீடுகளை நாள் வாடகைக்கு விட்ட இருவருக்கு 2018-ல் நீதிமன்றம் தலா 60,000 சிங்கப்பூர் டாலர் அபராதம் விதித்தது. அபராதம் பயணியின் தலையில் விழுவதில்லை என்பது உண்மைதான். ஆனால் அண்டை வீட்டார் புகார் கொடுத்து, வீட்டுக்காரர் பயந்துபோய்க் கதவைச் சாத்திக்கொண்டால், இரவு பதினொரு மணிக்குப் பெட்டிகளோடு நடுத்தெருவில் நிற்கப்போவது யார்? அதோடு இன்னொன்று. சிங்கப்பூருக்குள் நுழைவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டிய வருகை அட்டையில் எங்கே தங்குகிறீர்கள் என்ற கேள்வி இருக்கிறது. சட்டப்படி தங்கக் கூடாத ஒரு வீட்டின் முகவரியை அரசாங்கப் படிவத்தில் தாங்களே எழுதிக் கொடுக்கும் விநோதம் இப்படித்தான் நேர்கிறது.

நம் ஊர்களில் இது பெரும்பாலும் வலைத்தளத்தின் மூலம் வருவதில்லை; பழக்கத்தின் மூலம் வருகிறது. “நம்ம பையன் அங்கே ஃப்ளாட் எடுத்திருக்கிறான், ஓர் அறை காலியாகக் கிடக்கிறது, நாளுக்கு இவ்வளவு கொடுத்தால் போதும்” என்று ஒரு குரல் வாட்ஸ்அப்பில் வரும். உறவினர் வீட்டில் விருந்தாளியாகத் தங்குவது வேறு; அதை யாரும் தடுக்கவில்லை. நாள் கணக்குப் போட்டுக் காசு கைமாறும்போதுதான் அது வாடகையாகிறது. அந்தப் பையனும் பெரும்பாலும் வாடகைக்கு இருப்பவன்தான். விவகாரம் வெளியே வந்தால் அவனுக்கு வீடு போகும்.

ஐந்து நாள் குடும்பத்துக்கு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. சர்வீஸ் அபார்ட்மெண்ட் போலவே சமையல் வசதியோடு கட்டப்பட்டு, ஹோட்டல் உரிமம் பெற்ற கட்டடங்கள் உண்டு. அவை ஓர் இரவுக்குக்கூட அறை தரலாம். சிங்கப்பூர் சுற்றுலா வாரியம் உரிமம் பெற்ற ஹோட்டல்களின் பட்டியலை வெளியிட்டிருக்கிறது. பெயர் அதில் இருக்கிறதா என்று ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். சந்தேகம் இருந்தால் நிறுவனத்துக்கே ஒரு மின்னஞ்சல் போட்டு, “நாங்கள் ஐந்து இரவு தங்கலாமா, உங்களுடையது ஹோட்டல் உரிமமா?” என்று கேட்டுவிட வேண்டியதுதான். ஒழுங்கான நிறுவனம் ஒரே வரியில் பதில் சொல்லும். பதில் சுற்றி வளைத்தால் அடுத்ததைப் பார்ப்பது உத்தமம்.

ஆனால் இன்னொரு கேள்வியையும் கேட்டுக்கொள்ளலாம். சிங்கப்பூரில் சமையலறை அவ்வளவு அவசியமா? செராங்கூன் சாலையை ஒட்டித் தங்கினால் காலை இட்லிக்கு வாசல் தாண்டினால் போதும். கோமள விலாஸ் 1947 முதல் அங்கே இருக்கிறது. தேக்கா நிலையத்தின் உணவுக் கடைகளில் தோசையும் சோறும் நியாயமான விலையில் கிடைக்கின்றன. சந்தையில் கீரையும் முருங்கைக்காயும்கூட உண்டு. வீரமாகாளியம்மன் கோயில் நடை தூரம். ஐந்து நாள்தான் என்றால் லிட்டில் இந்தியா அல்லது ஃபேரர் பார்க் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இரண்டு ஹோட்டல் அறை எடுத்துக்கொண்டு, அடுப்பு ஆசையை அடுத்த ஊருக்கு ஒத்திவைப்பதே புத்திசாலித்தனம் என்று தோன்றுகிறது.

அந்த அடுத்த ஊர் கோலாலம்பூர். ஒரே பயணத்தில் இரண்டு நகரத்தையும் பார்ப்பவர்கள் நிறைய. மலேசியத் தலைநகரில் வணிக நிலத்தில் கட்டிய சர்வீஸ் அபார்ட்மெண்ட் கோபுரங்கள் ஏராளம். இரண்டு மூன்று இரவுக்கும் தருவார்கள், வாடகையும் சிங்கப்பூரை ஒப்பிட்டால் கணிசமாகக் குறைவு. பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் தங்கினால் தமிழ்க் கடைகளும் கோயில்களும் பக்கத்தில், கே.எல். சென்ட்ரல் நிலையத்திலிருந்து பத்துமலைக்கு நேராக ரயில். இந்தியர்களுக்கு 2023 டிசம்பர் 1 முதல் முப்பது நாள் வரை விசா இல்லாமல் அனுமதி என்று அறிவித்து, அதை 2026 இறுதி வரை நீட்டித்திருக்கிறார்கள். வருகைப் படிவத்தை மட்டும் முன்கூட்டியே நிரப்ப வேண்டும்.

அங்கும் ஒரு முள் இருக்கிறது. மோன்ட் கியாரா பகுதியிலுள்ள வெர்வ் சூட்ஸ் என்ற அடுக்குமாடி வளாகம் குறுகிய கால வாடகைக்குத் தடை போட்ட விவகாரம் நீதிமன்றத்துக்குப் போக, அப்படித் தடைபோட நிர்வாகக் குழுவுக்கு அதிகாரம் உண்டு என்று 2020-ல் மலேசியக் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே ஒரே கோபுரத்தில் இருபது பேர் இருபது வீட்டை விளம்பரம் செய்கிறார்கள் என்றால், அந்த வளாகம் அதை அனுமதிக்கிறதா என்று கேட்க வேண்டும். காவலாளியிடம் “நண்பர் வீட்டுக்கு வந்திருக்கிறோம் என்று சொல்லுங்கள்” என்று வீட்டுக்காரர் சொல்லிக்கொடுத்தால் அனுமதி இல்லை என்று பொருள். வெளிநாட்டவருக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி 2017 முதல் உண்டு; பெரும்பாலும் அதை நேரில்தான் வாங்குவார்கள்.

மற்ற நகரங்களிலும் இதே கதை, எண்கள்தான் வேறு. தாய்லாந்தில் ஹோட்டல் உரிமம் இல்லாத அடுக்குமாடி வீட்டை முப்பது நாளுக்குக் குறைவாக விடக் கூடாது. லண்டனில் ஒரு முழு வீட்டை ஆண்டுக்கு 90 இரவுக்கு மேல் இப்படி விடக் கூடாது. மேற்கொண்டு விடத் தனி அனுமதி வேண்டும். நியூயார்க் 2023 செப்டம்பரிலிருந்து இன்னும் இறுக்கியிருக்கிறது: முப்பது நாளுக்குக் குறைவு என்றால் வீட்டுக்காரரும் கூடவே இருக்க வேண்டும், விருந்தினர் இரண்டு பேருக்கு மேல் கூடாது. நம் ஆறு பேருக்கு அது உதவாது. துபாயில் பர் துபாய் பக்கம் ஹோட்டல் அபார்ட்மெண்டுகள் வெகுகாலமாகவே உண்டு. வளைகுடாவில் வேலை பார்க்கும் மகனைப் பார்க்கப் போகும் பெற்றோருக்குத் தெரிந்த சங்கதிதான்.

இனி விலை. சிங்கப்பூரில் வாடகைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால், அதற்கு மேல் பத்து சதவீதச் சேவைக் கட்டணமும், அந்தக் கூட்டுத்தொகையின் மேல் ஒன்பது சதவீத வரியும் உண்டு என்று அர்த்தம். இரவுக்கு 200 டாலர் என்று பார்த்து மகிழ்ந்தது 239 டாலர் 80 காசாகிவிடும். ஏழு இரவுக்கு 1,400 என்று நினைத்தது 1,678 டாலர் 60 காசு. ஒப்பிடும்போது எல்லாம் சேர்ந்த கடைசித் தொகையையே ஒப்பிட வேண்டும்.

படுக்கையறைக் கணக்கிலும் வார்த்தை ஜாலம் உண்டு. “ஆறு பேர் தங்கலாம்” என்பதில் இரண்டு பேர் கூடத்து சோபாவை விரித்துப் படுப்பவர்களாக இருக்கலாம். அந்த இரண்டு பேர் தாத்தாவும் பாட்டியுமாக இருக்கக் கூடாது அல்லவா? குளியலறை ஒன்றா இரண்டா என்பது காலையில் கிளம்பும் நேரத்தைத் தீர்மானிக்கும். குழந்தைகளையும் சேர்த்து உண்மையான எண்ணிக்கையைச் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். நாலு பேர் என்று எழுதிவிட்டு ஆறு பேர் போய் நின்றால் வரவேற்பு மேசையில் வாக்குவாதம்தான் வரவேற்பு. இரவு விமானத்தில் ஏறி விடியலில் இறங்குகிறவர்கள், பிற்பகல் மூன்று மணிக்குத்தான் அறை என்றால் பெட்டிகளை எங்கே வைப்பது என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆளே இல்லாமல் எண்பூட்டுப் பெட்டியில் சாவி வைத்துவிட்டுப் போகும் இடங்களில் இந்த உதவி கிடைக்காது. கோயம்புத்தூரில் தொலைபேசியில் தகராறு செய்வது போல அங்கே செய்ய முடியாது.

முன்பதிவும் விசாவும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டவை. சிங்கப்பூர் விசாவுக்கு அங்கீகாரம் பெற்ற முகவர் மூலம் விண்ணப்பிக்க வேண்டும். 30 சிங்கப்பூர் டாலர் கட்டணம், விசா மறுக்கப்பட்டாலும், திரும்பாது. ஆறு பேரில் ஒருவருக்குத் தாமதமானால் மொத்தப் பயணமும் நிற்கும். அதனால் விசா கைக்கு வரும்வரை, பத்து சதவீதம் கூடுதல் விலை என்றாலும், கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய பதிவையே எடுப்பது நல்லது. ரத்து செய்யும் கெடு அந்த ஊர் நேரப்படி. சிங்கப்பூரும் கோலாலம்பூரும் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகின்றன. மாலை ஆறு மணிக் கெடு நமக்கு மூன்றரை மணிக்கே முடிந்துவிடும்.

பணத்தை அட்டை மூலமே கட்ட வேண்டும். வலைத்தளத்தில் பார்த்துவிட்டு, “நேரடியாக வங்கிக் கணக்கில் போட்டால் குறைத்துத் தருகிறேன்” என்று வரும் அழைப்பில் ஏமாறுகிறவர்கள் படித்தவர்களும்தான். ரிசர்வ் வங்கியின் 2020-ம் ஆண்டு உத்தரவுக்குப் பிறகு புதிதாகத் தரப்படும் அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடு மூடியே வருகிறது. கிளம்பும் முன் அதைத் திறந்துவைக்க வேண்டும். அங்கே போனதும் முன்வைப்புத் தொகையாக ஒரு தொகையை அட்டையில் நிறுத்திவைப்பார்கள். கடன் அட்டையில் அது வெறும் நிறுத்தம். டெபிட் அட்டையிலோ உங்கள் சொந்தப் பணம் சில நாள் முடங்கும். செலவுக்கென்று வைத்திருக்கும் ஒரே அட்டையை அங்கே நீட்டக் கூடாது. ரூபாயில் கட்டலாமா, டாலரில் கட்டலாமா என்று இயந்திரம் கேட்டால் டாலர் என்பதே சரி. ரூபாய் என்றால் மாற்று விலையை அவர்கள் வைப்பார்கள்.

கடைசியாக, சமையலறைப் பெட்டி. பல அடுக்ககங்களில் இண்டக்ஷன் அடுப்புதான். வீட்டில் இருக்கும் அலுமினியக் குக்கர் அதில் சூடாகாது. அடியில் காந்தம் ஒட்டும் பாத்திரம் வேண்டும். சிங்கப்பூர், மலேசியா, துபாய், லண்டன் நான்கிலும் மூன்று சதுர முனை கொண்ட பிளக்; மின் அழுத்தம் நம்முடையதை ஒத்ததுதான் என்பதால் சிறிய மிக்ஸியை மாற்றுப் பிளக் போட்டு ஓட்டலாம். கடுகு தாளிக்கும்போது புகை உணர்கருவி அலறாமலிருக்கக் காற்றுப்போக்கியை முதலில் போட்டுவிட வேண்டும். குருமாப் பொடியில் கசகசா இருந்தால் அதை ஊரிலேயே விட்டுவிட வேண்டும்: கசகசா சிங்கப்பூரில் தடை செய்யப்பட்ட பொருள், ஐக்கிய அரபு அமீரகத்திலும் அப்படியே. பாட்டியின் சுருக்குப் பையில் புகையிலை இருக்கிறதா என்பதையும் பீளமேட்டுக்குப் போகும் வழியிலேயே பார்த்துவிடுங்கள். மெல்லும் புகையிலையும் அங்கே தடைதான்.