எடுக்காத மாதிரிகளின் கணக்கு

மூவாயிரம் அட்டைத் துண்டுகள். ஒவ்வொன்றிலும் இரண்டு எண்கள்: ஓர் ஆளின் உயரம், அவனுடைய இடது கை நடுவிரலின் நீளம். அத்தனை பேரும் குற்றவாளிகள். கைரேகை முறை வேரூன்றும் முன்பு, பிடிபட்டவனை மறுபடி அடையாளம் காண உடலளவுகளைத்தான் இங்கிலாந்துப் போலீஸ் நம்பியிருந்தது. அப்படி எடுத்த அளவுகளை மெக்டானல் என்பவர் தொகுத்து 1902-இல் ‘பயோமெட்ரிகா’ இதழில் வெளியிட்டார். சில ஆண்டுகள் கழித்து வேறொருவர் அவற்றை அட்டைகளில் எழுதி, நன்றாகக் குலுக்கி, ஒவ்வொன்றாக உருவி, வந்த வரிசைப்படியே ஒரு நோட்டில் குறித்துக்கொண்டார். பிறகு நான்கு நான்காகப் பிரித்தார். மொத்தம் 750 கூட்டங்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் சராசரி, திட்ட விலக்கம் (எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) என்று கணக்குப் போட்டார். கணிப்பொறி இல்லாத காலம்.

அவர் பெயர் வில்லியம் சீலி கோசெட். குற்றவாளிகளோடு அவருக்கு எந்தச் சோலியும் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டில் கணிதமும் வேதியியலும் படித்துவிட்டு 1899-இல் டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தவர். பார்லி, மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட் இவைதான் அவருடைய உலகம். ஒரு பார்லி ரகம் இன்னொன்றைவிட மேலானதா என்று தெரிய ஒரு பருவம் முழுக்க வயலில் காத்திருக்க வேண்டும். காத்திருந்தாலும் கைக்கு வருவது நான்கைந்து எண்கள்தான். அந்த நான்கைந்தை நம்பி ஆலை எவ்வளவு பணத்தைப் போடலாம்? அன்றைய புள்ளியியலின் பெரிய கை கார்ல் பியர்சன். அவருடைய ஆய்வகத்தில் அளவுகள் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் குவியும். நான்கு எண்களை வைத்துக்கொண்டு தவிப்பவரின் கவலை அங்கே யாருக்கும் கிடையாது. 1906-07இல் லண்டனில் பியர்சனிடம் போய்ப் படித்த கோசெட், அந்தக் கவலையைத் தன் தலையிலேயே சுமந்தார்.

புள்ளியியலைப் புதிதாகப் படிப்பவர்கள் ‘கூறெடுப்புப் பரவல்’ என்ற பாடத்தில் வந்து மாட்டிக்கொள்வார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பல புத்தகங்கள் அதை ஒரு சூத்திரமாக எழுதிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குத் தாவிவிடுகின்றன. கோசெட்டின் நோட்டை மனக்கண்ணில் திறந்து வைத்தால் குழப்பம் பாதி தீரும். அதில் மூன்று வெவ்வேறு விஷயங்கள் இருக்கின்றன. மூவாயிரம் பேரின் உயரங்கள், அதாவது முழுமைத் தொகுதி. ஏதோ ஒரு கூட்டத்தில் விழுந்த நான்கு உயரங்கள், அதாவது ஒரு மாதிரி. மூன்றாவதுதான் விசேஷமானது: 750 சராசரிகளின் பட்டியல். அதில் எந்த மனிதனின் உயரமும் இல்லை. ஒவ்வொரு எண்ணும் ஒரு கூட்டத்தின் சார்பில் வந்து நிற்கிறது. நால்வர் கொண்ட எல்லாக் கூட்டங்களுக்கும் இப்படிச் சராசரி எடுத்தால் அவை எப்படிப் பரவிக் கிடக்கும் என்பதே கூறெடுப்புப் பரவல். கோசெட்டின் 750 எண்கள் அதற்கு ஒரு நல்ல தோராயம்.

இந்த மூன்றாவது பட்டியலுக்குத் தனிக் குணம் உண்டு. உயரத்தின் திட்ட விலக்கம் இரண்டரை அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். கண்ணை மூடி ஓர் அட்டையை உருவினால், பொதுச் சராசரியைவிட இரண்டரை அங்குலத்துக்கு மேல் நெட்டையான ஆள் ஏறக்குறைய ஆறு தடவைக்கு ஒரு தடவை கிடைப்பான். நால்வரின் சராசரியே அந்த அளவு ஏறுவது நூறு தடவைக்கு இரண்டு தடவைதான். நெட்டையன் ஒருவன் வந்தாலும், கூட வருபவர்கள் பெரும்பாலும் அவ்வளவு நெட்டையாக இல்லாமல் சராசரியைக் கீழே இழுத்துவிடுகிறார்கள். அதனால் சராசரிகளின் பரவல் ஒடுங்குகிறது. எவ்வளவு ஒடுங்கும் என்பதற்கும் கணக்கு உண்டு: திட்ட விலக்கத்தை, மாதிரியில் இருப்பவர்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். நால்வர் என்றால் ஒன்றேகால் அங்குலம், நூறு பேர் என்றால் கால் அங்குலம். இதன் பெயர் திட்டப் பிழை. பிழையைப் பாதியாக்க இரண்டு மடங்கு உழைத்தால் போதாது, நான்கு மடங்கு உழைக்க வேண்டும் என்ற கசப்பான செய்தியும் இதற்குள்தான் இருக்கிறது.

வியப்பு இனிமேல்தான். நிஜ வாழ்க்கையில் நாம் 750 மாதிரிகள் எடுப்பதில்லை, ஒன்றுதான் எடுக்கிறோம். மீதி அத்தனையும் எடுத்திருக்கக்கூடியவை, எடுக்காதவை. ஆனால் கையில் இருக்கும் ஒன்றை எவ்வளவு நம்பலாம் என்பதை அந்த எடுக்காத கூட்டம்தான் தீர்மானிக்கிறது. நடக்காத நிகழ்ச்சிகளை வைத்து நடந்த ஒன்றை எடைபோடும் இந்த வித்தை முதலில் படிக்கும்போது மோசடி போலத் தோன்றும். தோன்றாவிட்டால்தான் சரியாகப் படிக்கவில்லை என்பேன்.

இதுவரை சொன்னதெல்லாம் கோசெட்டின் காலத்துக்கு முன்பே தெரிந்ததுதான். அவர் கை வைத்தது அடுத்த முடிச்சில். திட்டப் பிழையைக் கணக்கிட முழுமைத் தொகுதியின் திட்ட விலக்கம் தெரிந்திருக்க வேண்டும். பீர் ஆலையில் அதை யார் கொண்டுவந்து கொடுப்பார்கள்? கையில் உள்ள அதே நான்கு எண்களிலிருந்துதான் அதையும் ஊகிக்க வேண்டும். சிலசமயம் அந்த நான்கும் தற்செயலாகப் பக்கம் பக்கமாக வந்து விழும். அப்போது பரவலே இல்லாததுபோலத் தெரியும். சராசரி தவறாக இருந்தாலும் நாம் அடித்துப் பேசுவோம். கோசெட் ஒவ்வொரு கூட்டத்தின் சராசரியும் பொதுச் சராசரியிலிருந்து விலகிய அளவை அந்தக் கூட்டத்தின் சொந்தத் திட்ட விலக்கத்தால் வகுத்துப் பார்த்தார். அப்படிக் கிடைக்கும் எண்கள் வழக்கமான மணி வடிவ வளைவுக்குள் அடங்குவதில்லை. இரண்டு ஓரங்களிலும் வால் தடித்துவிடுகிறது.

அந்த வால் எவ்வளவு ஆபத்து என்பதை எண்ணிலேயே காட்டலாம். நூற்றுக்கு ஐந்து தடவைக்கு மேல் தவறக்கூடாது என்றால், திட்டப் பிழையை 1.96-ஆல் பெருக்கி எல்லை குறிப்பது பழைய வழக்கம். நான்கு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு அதே 1.96-ஐப் போட்டால் நூற்றுக்குப் பதினான்கு தடவைக்கு மேல் தவறிவிடும். சரியான பெருக்கு எண் 3.18. மாதிரியில் 30 பேர் இருந்தால் 2.05 போதும். எண்ணிக்கை கூடக்கூட அது 1.96-ஐ நோக்கி இறங்குகிறது. ஆயிரக்கணக்கில் அளவெடுத்தவர்களுக்கு இந்த வேறுபாடு கண்ணில் படாமல் போனதில் ஆச்சரியமில்லை.

வால் தடித்த இந்த வளைவின் சூத்திரத்தைக் கோசெட் முழுமையாக நிரூபிக்கவில்லை. பாதி கணிதம், பாதி கெட்டிக்கார ஊகம். அந்த ஊகம் பலிக்கிறதா என்று பார்க்கத்தான் மூவாயிரம் அட்டைகளைக் குலுக்கினார். இன்று கணிப்பொறியில் செய்யும் உருவகப்படுத்தலை அவர் கையாலேயே செய்துவிட்டார். 1912-இல் ரொனால்ட் ஃபிஷர் என்ற கேம்பிரிட்ஜ் இளைஞர் பல பரிமாண வடிவியலைக் கொண்டு முழு நிரூபணத்தையும் எழுதி அனுப்பினார். கோசெட்டுக்கு அது பிடிபடவில்லை. பியர்சனுக்கு அனுப்பி வைத்து, தனக்குப் புரியவில்லை என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

கோசெட்டின் கட்டுரை 1908-இல் அதே ‘பயோமெட்ரிகா’வில் வந்தது. ஊழியர்கள் சொந்தப் பெயரில் எழுத ஆலை அனுமதிக்கவில்லை. அதனால் ‘ஸ்டூடன்ட்’ என்று கையெழுத்திட்டார். உலகமெங்கும் மாணவர்கள் இன்றும் படிக்கும் ஸ்டூடன்ட் டி-பரவல் அந்த வளைவுதான்.

இதே கணக்கின் வேறொரு உருவத்தைத் தேர்தல் நேரத்தில் பார்க்கலாம். குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுத்த 1,000 பேரைக் கேட்டால், வரும் சதவீதம் பெரும்பாலும் உண்மையிலிருந்து மூன்று புள்ளிக்கு மேல் விலகாது. நாட்டின் மக்கள்தொகை ஐம்பது லட்சமா, நூறு கோடியா என்பதால் இந்த மூன்று புள்ளி அநேகமாக மாறாது. கேட்டவர்களின் எண்ணிக்கைதான் கணக்கு. இதை நம்ப மறுப்பவர்களோடு வாதாடிப் பயனில்லை, சோதித்துப் பார்க்கத்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் குருட்டாம்போக்கு என்ற அந்த நிபந்தனை போனால் எல்லாமே போயிற்று. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு ‘லிட்டரரி டைஜஸ்ட்’ என்ற பத்திரிகை சுமார் ஒரு கோடி வாக்குச் சீட்டுகளைத் தபாலில் அனுப்பியது. தொலைபேசி வைத்திருப்போர், கார் வைத்திருப்போர் பட்டியல்களிலிருந்து முகவரி எடுத்தார்கள். அந்தப் பொருளாதார மந்தக் காலத்தில் அந்த இரண்டும் வசதி படைத்தவர்களிடம்தான் அதிகம். இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்கள் வந்தன. அதிபர் ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் வெல்வார் என்று பத்திரிகை அறிவித்தது. ஆனால் ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐப் பிடித்தார். பத்திரிகையுடையதைவிட மிகச் சிறிய மாதிரியை வைத்துக்கொண்டு ஜார்ஜ் காலப் என்ற கருத்துக்கணிப்பாளர் ரூஸ்வெல்ட்தான் என்று முன்பே சொல்லியிருந்தார். இருபது லட்சத்தின் திட்டப் பிழை மிக மிகச் சிறியதுதான். ஆனால் திட்டப் பிழை தற்செயலை மட்டுமே அளக்கும். ஆள் பிடித்த விதத்தில் உள்ள கோணலைப் பற்றி அது வாயே திறக்காது.

ஆகவே அடுத்த தேர்தலில் கருத்துக்கணிப்பு எண்கள் வரும்போது, எத்தனை பேரைக் கேட்டார்கள் என்று பார்த்ததோடு நிறுத்திவிடாதீர்கள். அவர்களை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்று செய்தியில் தேடுங்கள். அந்தத் தகவல் இல்லையென்றால், மூன்று புள்ளிப் பிழை என்று அடியில் அச்சிட்டிருப்பதற்கு ஒரு மதிப்பும் கிடையாது.